மடிப்புக்குள் பதினோரு ஓடைகள்

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது உங்கள் மூன்று பேரின் காலும் நனையாமல் இருக்க வேண்டும். விடிந்ததிலிருந்து உங்கள் பக்கம் போன் போகவில்லை. அதனால் அலுவலக ஜீப் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

ஆற்றோரம் மனை வாங்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டபோது, பெரிய நிபுணன் மாதிரி நான் அளந்தது நினைவிருக்கும். இந்த ஆற்றுக்கு மழைத்தண்ணீர் வடிந்து சேரும் நிலம், அதான் வடிநிலம், வெள்ளரிக்காய் மாதிரி நீளம். பக்கத்து ஓடைத் தண்ணீர் கடந்துபோன பிறகுதான் தூரத்துத் தண்ணீர் வரும், மொத்தமாக வராது என்றேன். "மச்சானே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன" என்று அவர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு நான் பார்த்துச் சொன்ன ஆற்று வரைபடத்தை நேற்று மறுபடி எடுத்தேன். இரண்டு தாள்களை ஒட்டிய இடத்தில் ஒன்றின் ஓரம் உள்ளே மடிந்திருந்தது. பிரித்தால் நான்கு விரல் அகலத்துக்கு மலைச்சரிவு, அதில் பதினோரு ஓடைகள். ஒட்டிய இடத்தில் கோடுகள் பொருந்தாததை அச்சுப் பிழை என்று நினைத்து நானே பென்சிலால் இணைத்திருக்கிறேன். எல்லாம் சேர்த்து அளந்தால் வடிநிலம் வட்டமாக வருகிறது. எல்லா ஓடைகளும் உங்கள் வீட்டோர ஆற்று வளைவுக்கு ஒரே நேரத்தில் வரும். மலையில் கொட்டும் மழை உங்களை எட்ட ஆறு மணி நேரம் என்று அலுவலக வெள்ள அறிக்கையில் நான் எழுதியது, உண்மையில் ஒன்றரை மணி நேரம்.

மேலதிகாரியிடம் நேற்றே சொன்னேன். "மழை விடட்டும், ஊரைக் கிளப்பி விடாதீங்க" என்றார். அந்த அறிக்கையில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. உன்னை அப்போதே கூப்பிட்டிருக்கலாம். மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது என்று வாய் வரவில்லை. அதை நீ மன்னிக்க வேண்டாம்.

மேல்சரிவில் மழை அளப்பவர் இன்று காலை எட்டு மணிக்குப் பேசினார். அளவுக் குடுவை நிரம்பி வழிகிறதாம். அதன்பின் அவரும் எடுக்கவில்லை. இப்போது எட்டேகால், ஜீப் உங்களிடம் வர முக்கால் மணி ஆகும். மிச்சத்தை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

உன் வாசலில் ஆறு இப்போது சாதுவாகத்தான் போகும். அதைக் காட்டி மாப்பிள்ளை சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறட்டும். பீரோவைப் பூட்ட நிற்காதே. பாப்பாவைத் தூக்கிக்கொள், அக்கம்பக்கத்துக்கு ஒரு குரல் கொடு, ஏறிவிடு. ஓட்டுநர் இன்ஜினை அணைக்க மாட்டார்.

என் பேச்சைக் கேட்டுத்தான் அங்கே போனாய். இன்னும் ஒரே ஒரு முறை கேள், தாயே.

ஆயுசு முழுக்க நீ திட்டினாலும் கேட்டுக்கொண்டிருக்க ஆசைப்படும்,
அண்ணன்