ஆளுக்கு மூன்று காது

பிப்ரவரி 8

அன்புள்ளவருக்கு,

வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. சமையலறைக் குழாய் மட்டும் நிமிடத்துக்குப் பதினாலு சொட்டு ஒழுகுகிறது. நீங்கள் போன அன்று பதினொன்றுதான். வாளி வைத்திருக்கிறேன்.

ரகசியம் கசியக் கூடாதென்று நிதித்துறைக்காரர்கள் எல்லார் போனையும் பிடுங்கிக்கொண்டு, பட்ஜெட் அச்சாகிப் படிக்கப்படும் நாள்வரை உங்களை அந்த அச்சகத்து நிலவறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கடிதம் ஒன்றுதான் வழி. அதையும் வாசலில் ஒரு காவல் அதிகாரி பிரித்துப் படிப்பார் என்றீர்கள். படிக்கட்டும். அவருக்கும் என் வணக்கம்.

இன்று பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. பொருளாதார நிலைமை நிச்சயமில்லாததால் அடுத்த ஆண்டு எல்லாச் செலவுத் தலைப்புகளிலும் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்படுமாம். இப்போதிருந்தே சிக்கனமாக இருந்து பழகிக்கொள்ள வேண்டுமாம். படித்துவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கணக்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நவம்பரில் நம் சாப்பாட்டு மேசையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காது கேளாத பிள்ளைகள் அறுபத்தொரு பேர். ஒருவனுக்கு மட்டும் வலது காதில்தான் கேட்கும் கருவி. ஆக, நூற்றிருபத்தொரு காது. காதுக்கு வாரம் ஒரு பேட்டரி. பள்ளி நடப்பது நாற்பத்து நான்கு வாரம். மொத்தம் ஐயாயிரத்து முந்நூற்று இருபத்து நான்கு. அடுத்த ஆண்டுத் தேவை என்று கணக்கர் எட்டாயிரம் எழுதி வைத்திருந்தார். "எல்லா வருஷமும் இப்படித்தான் டீச்சர் போடுவோம். எப்படியும் வெட்டுவாங்க, வெட்டினது போக நமக்கு வேணுங்கறது வரும்" என்றார்.

நான் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்து வந்தேன். நீங்கள் பார்த்துவிட்டு என்ன சொன்னீர்கள்? "ஊதி ஊதிப் போடறவங்களாலதான் நாங்க வெட்ட வேண்டியிருக்கு. நீ உள்ளத உள்ளபடி போடு. அப்படி ஒரு கணக்கு வந்தா அதுல யாரும் கை வைக்க மாட்டாங்க." நான் அவர் எண்ணை அடித்துவிட்டு என் எண்ணை எழுதினேன். தலைமையாசிரியை ஆன பிறகு நான் போடும் முதல் செலவு மதிப்பீடு. பெருமையாகத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது சொல்லுங்கள். வெட்டு எங்களுக்கும் உண்டா, இல்லையா?

இப்படிக்கு,
குழாய்க்கு வாளி வைத்துக் காத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 11

என் டீச்சருக்கு,

உன் கடிதம் ஒரு நாள் வாசலில் தங்கி என்னிடம் வந்து சேர்ந்தது. பதினாலு சொட்டு என்று படித்ததும் சிரித்துவிட்டேன். நாம் முதன்முதலில் சந்தித்த அன்று, ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறாயா என்று நான் கேட்டதற்கு "பதினேழு நிமிஷம்" என்றாயே, அன்றைக்கே நான் விழுந்துவிட்டேன். மற்றவர்கள் "இப்பதான் வந்தேன்" என்பார்கள், இல்லாவிட்டால் "ஒரு மணி நேரமாச்சு" என்பார்கள். காய்ச்சல் தொண்ணூற்றொன்பது என்றால் தொண்ணூற்றொன்பது என்று சொல்கிற மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இங்கே நாற்பது பேர் மடக்குக் கட்டிலில் படுக்கிறோம். அச்சு இயந்திரத்தைச் சோதனைக்கு ஓட்டினால் கட்டிலும் சேர்ந்து ஆடுகிறது. சாப்பாடு பரவாயில்லை. முதுகுதான் படுத்துகிறது. பச்சைச் சட்டையை வைத்து அனுப்பாமல் விட்டுவிட்டாய்.

எண்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுத முடியாது. பொதுவாகச் சொல்கிறேன். அடுத்த வருஷம் வரி எவ்வளவு வரும் என்று இந்த அறையில் யாருக்கும் தெரியாது. எண்ணெய் விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. வட்டி ஏறுமா என்றால் மூன்று நிபுணர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ██████████████████████ இப்படி இருட்டில் நிற்கும்போது இவருக்கு வெட்டு, அவருக்கு வேண்டாம் என்று யார் உட்கார்ந்து பிரிப்பது? எல்லாருக்கும் ஒரே அளவு என்றால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. நியாயம் என்பதும் அதுதானே.

உன் பள்ளிக்கு ஒரு யோசனை. இடைவேளையிலும், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகும் பேட்டரியைக் கழற்றி வைக்கச் சொல். மூன்றில் ஒரு பங்கு தானாக மிச்சமாகிவிடும்.

குழாய்க்காரரைக் கூப்பிடு. வாளியை நம்பாதே.

உன்னவன்


பிப்ரவரி 14

மதிப்புக்குரிய நிதித்துறை அதிகாரிக்கு,

உங்கள் யோசனைக்கு நன்றி. அந்தப் பேட்டரியை ஒருநாளாவது கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? பின்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் பிய்த்தால் காற்று உள்ளே போகும், பேட்டரி உயிர் பெறும். அதற்குப் பிறகு காதில் வைத்தாலும் சரி, பெட்டியில் வைத்தாலும் சரி, அது பாட்டுக்குத் தீர்ந்துகொண்டுதான் இருக்கும். இடைவேளையில் கழற்றி வைப்பதால் பேட்டரி மிச்சமாகாது, பிள்ளைகள் பேச்சைக் கேட்கும் நேரம்தான் வீணாகிறது. இருபத்தாறு வருஷமாக நான் இந்தப் பள்ளியில் இருக்கிறேன். இருபத்து நாலு வருஷமாக நீங்கள் என் கணவர்.

எல்லாருக்கும் ஒரே அளவு என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று இயக்ககத்தில் எல்லாத் துறைக்காரர்களுக்கும் கூட்டம். என் பக்கத்து நாற்காலியில் விளையாட்டுத் துறைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஊரெல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டிருக்க, அவர் மட்டும் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். உங்களுக்கு வெட்டு இல்லையா என்று கேட்டேன். "வெட்டட்டும் மேடம். நாங்க ஒண்ணரை மடங்கு போட்டிருக்கோம். மூணுல ஒண்ணு போனா சரியா நமக்கு வேண்டியது நிக்கும். நீங்க போடலையா?" என்றார். போடலையா என்று அவர் கேட்டபோது குரலில் கேலிகூட இல்லை. பரிதாபப்பட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கணக்கர் எழுதிய எட்டாயிரம் அப்படியே போயிருந்தால், வெட்டு போக ஐயாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று வந்திருக்கும். தேவைக்கு மேல் ஒன்பது. நான் எழுதிய உண்மைக்கு வருவது மூவாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தொன்பது. இருபத்தொன்பது வாரம். மீதிப் பதினைந்து வாரம் என் பிள்ளைகளுக்குக் காது கிடையாது. பொய் சொன்னவனுக்கு வெறும் கீறல், உண்மை சொன்னவளுக்குக் கழுத்தறுப்பு. இதற்குப் பெயர் உங்கள் ஊரில் நியாயம்.

இப்போதிருந்தே சிக்கனமாகப் பழகு என்ற சுற்றறிக்கையால் கணக்கர் பேட்டரிப் பெட்டிகளைப் பூட்டிவிட்டார். வாரத்துக்கு ஒன்று என்பது பத்து நாளுக்கு ஒன்று ஆகிவிட்டது. கடைசி மூன்று நாள் வகுப்பில் மௌனம்.

வாயாடியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஏழு வயது. கருவி வைத்த முதல் வாரம், "வாட்ச்மேன் தூங்கும்போது பேசுறாரு" என்று பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தவள். குறட்டை என்று ஒன்று உண்டு என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். நேற்று அவள் பேட்டரியின் ஸ்டிக்கரையே பிய்க்கவில்லை. புதிதாகக் கொடுத்ததைப் பென்சில் பெட்டியில் வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "வீட்டுக்குப் போயி வைப்பேன். அம்மா பேசுறது கேக்கணும்ல" என்றாள். வகுப்பில் நான் பேசுவது அவளுக்குக் கேட்க வேண்டாம் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். ஏழு வயதில் அவள் பட்ஜெட் போடுகிறாள். உங்களைவிட நன்றாகப் போடுகிறாள்.

அச்சு ஓட இன்னும் ஆறு நாள் இருக்கிறது. ஒரு வரி போதும். தேவைக்கு மேல் கேட்காத தலைப்புகளுக்கு வெட்டு இல்லை என்று ஒரே ஒரு வரி. எனக்காகக் கேட்கவில்லை. அந்த ஒரே அளவு என்ற சூத்திரத்தைப் போட்டவர் யாரோ, அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

வாசலில் இதைப் படிக்கும் ஐயாவுக்கு: உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். தயவுசெய்து இதை ஒரு நாள் வைத்திருக்காமல் உடனே கொடுங்கள்.

தலைமையாசிரியை


பிப்ரவரி 17

என் டீச்சருக்கு,

உன் கடிதத்தைக் காவல் அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போனார். வந்த நாளிலேயே கொடுத்தார்.

பூசி மெழுகிப் பயனில்லை. அந்தச் சூத்திரத்தைப் போட்டவன் நான்தான்.

நானூறு தலைப்புகள், மூன்று வாரம். ஒவ்வொன்றாக உட்கார்ந்து இது தேவை, இது ஊதல் என்று பிரிக்க ஆள் இல்லை, நேரம் இல்லை. அமைச்சர் "என்னய்யா செய்யலாம்?" என்றார். எல்லாவற்றிலும் மூன்றில் ஒன்று என்று நான்தான் சொன்னேன். அறையே நிம்மதியாக மூச்சு விட்டது.

உன் மதிப்பீடு என் மேசைக்கு வந்தது. நானூறு தாள்களில் சைபரில் முடியாத எண் அது ஒன்றுதான். கையெழுத்தைப் பார்க்காமலே உன்னுடையது என்று தெரிந்தது. பெருமையாக இருந்தது. பக்கத்தில் இருந்தவனிடம் காட்டினேன்கூட. பிறகு மற்றதைப் போலவே அதையும் வெட்டினேன். உன் வரியில் மட்டும் கை வைக்காமல் விட்டிருந்தால் மனைவிக்காக விட்டான் என்பார்கள். நீ சொல்லும் அந்த ஒரு வரியைச் சேர்த்தால் நாளைக்கு நானூறு பேரும் எங்களுடையதும் உண்மைக் கணக்கு என்று வந்து நிற்பார்கள். நிச்சயமில்லாத காலத்தில் ஒரு கதவைத் திறந்தால் மூட முடியாது.

என்னைப் புரிந்துகொள்வாய் என்று நினைக்கிறேன். எங்கள் துறைக்கும் இதே வெட்டுதான். நாங்களும் வலியோடுதான் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இதில் நான் யாருக்கும் சலுகை காட்டவில்லை, எனக்கும் இல்லை. அந்த ஒரு நிம்மதியில்தான் இந்தக் கட்டிலில் தூங்குகிறேன்.

உன்னவன்


பிப்ரவரி 18

இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. உங்களுக்குத் தூக்கம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். எழுந்திருங்கள்.


மார்ச் 3

அன்புள்ளவருக்கு,

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நேற்றிலிருந்து ஏழு முறை அடித்தீர்கள். நான் எடுக்கவில்லை. இது எழுத்தில் இருக்கட்டும்.

வானொலியில் அமைச்சர் உரையைக் கேட்டோம். "கடினமான காலம், கனத்த இதயம், எல்லாரும் சமமாகத் தோள் கொடுப்போம்" என்றார். கனத்த இதயம் என்பது உங்கள் சொல். எனக்குத் தெரியும், அதை நீங்கள் என் அப்பா இறந்தபோதும் எழுதினீர்கள்.

இன்று காலை அச்சான புத்தகம் பள்ளிக்கு வந்தது. எங்களுக்கு மூவாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தொன்பதுக்கான தொகை, ஒரு பைசா கூடக் குறைய இல்லாமல். கணிதத்தில் நீங்கள் கெட்டி. நான் மூடி வைக்கப் போனேன். கணக்கர்தான், "டீச்சர், இந்தப் பக்கத்தையும் ஒரு தடவ பாத்துடுங்க" என்று ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்துவிட்டு, நான் அதைப் பார்ப்பதைத் தான் பார்க்கக் கூடாது என்பதுபோல வெளியே போய்விட்டார்.

நிதித்துறை. உங்கள் பிரிவு. அலுவலக நாற்காலி, மேசை. போன வருஷம் கொடுத்தது அறுபது லட்சம். இந்த வருஷம் கேட்டது தொண்ணூறு லட்சம். வெட்டு போகக் கொடுத்தது அறுபது லட்சம்.

நான் மூன்று முறை படித்தேன். உங்கள் கையெழுத்து இல்லாமல் உங்கள் பிரிவிலிருந்து ஒரு குண்டூசி நகராது என்று பெருமையாகச் சொல்வீர்கள். எல்லாத் துறைகளும் மதிப்பீடு கொடுத்த மாதம் நவம்பர். நம் சாப்பாட்டு மேசையில் என்னிடம் உள்ளதை உள்ளபடி போடு என்று சொன்ன அதே நவம்பர். அந்த மாதத்தில்தான் நீங்கள் நாற்காலிக்கு ஒன்றரை மடங்கு போட்டிருக்கிறீர்கள். உங்கள் நாற்காலிகளுக்கு ஒரு கீறலும் இல்லை. எங்களுக்கும் வலிதான் என்று எழுதிய கையை நான் என்ன சொல்ல?

நீங்கள் வெட்டியதற்குக்கூட நான் ஒருநாள் சமாதானம் ஆகியிருப்பேன். பணம் இல்லை, இருட்டு, எண்ணெய் விலை, எல்லாம் எனக்கும் புரியும். நீங்கள் விளையாட்டின் விதியைத் தெரிந்துகொண்டே எனக்கு வேறு விதி சொல்லிக் கொடுத்தீர்கள். நான் அதை நம்பினேன். என் நம்பிக்கைக்குப் பதினைந்து வாரம் விலை கொடுக்கப்போவது வாயாடி.

இன்று மதியம், பட்ஜெட்டுக்குப் பிறகு கூடுதல் பணம் கேட்கும் துணை மதிப்பீடு எழுதி அனுப்பிவிட்டேன். அறுபத்தொரு பிள்ளைகள், ஆளுக்கு மூன்று காது, மொத்தம் நூற்று எண்பத்து மூன்று. ஒற்றைக் காதுப் பையனுக்கும் சேர்த்து மூன்று; நீங்கள் ஒன்றை வெட்டினாலும் இரண்டு நிற்கும். கணக்கர் பயந்துபோய், "இவ்வளவு தைரியமாவா டீச்சர்?" என்றார். யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள் என்றேன். உங்கள் துறையை நான் உங்கள் வாயாலேயே தெரிந்துகொண்டவள். அந்தத் தாளில் போட்டதுதான் என் வாழ்க்கையின் முதல் பொய்க் கையெழுத்து. தயங்காமல் போட்டேன். அதை நினைத்தால்தான் கோபம் கோபமாக வருகிறது.

ஐந்தாம் தேதி வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். வாருங்கள். வீடு உங்களுடையதும்தான். சாப்பாடு இருக்கும், பச்சைச் சட்டை பீரோவில் இருக்கிறது. நான் எங்கும் போகப்போவதில்லை. ஒன்றே ஒன்றுதான் மாறும். இனி நீங்கள் கேட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று நிமிடக் கணக்கில் சொல்ல மாட்டேன். தலை வலித்தால் உயிர் போகிறது என்பேன். உயிரே போனாலும் லேசான தலைவலி என்பேன். எதை எதற்காகச் சொல்கிறேன் என்று நீங்கள்தான் யோசித்துக்கொள்ள வேண்டும். வெட்டி வெட்டிப் பழகிய கை உங்களுடையது, கஷ்டமாக இருக்காது.

குழாயைச் சரிசெய்துவிட்டேன். இப்போது ஒரு சொட்டுகூட ஒழுகுவதில்லை.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நான் மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி