பன்னிரண்டு பானை, முந்நூறு சோறு

ஜனவரி 6

அன்புள்ள அக்கா,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, என் கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் நாளிதழ் போடுவதென்று தீர்மானித்திருக்கிறேன். நர்ஸம்மா ஒருமனதாக ஆதரித்தார். கண்ணழுத்தத்துக்கான புதிய சொட்டு மருந்தின் ஆய்வும் இதே வாரம் தொடங்குகிறது. அது சின்ன விஷயம். பன்னிரண்டு நோயாளிகள். ஆறு பேருக்குப் புதிய மருந்து, ஆறு பேருக்குப் பழையது.

அப்பா நலம். கண்ணழுத்தத்தில் இடக்கண் போனபின் மிச்சமிருக்கும் வலக்கண்ணை வைத்துக்கொண்டே என் சமையலில் குறை கண்டுபிடிக்கிறார். நீயோ ஊரில் நடக்கும் மருந்து ஆய்வுக்கெல்லாம் புள்ளியியல் கணக்குப் பார்க்கிறாய். தம்பிக்கு நாலு வரி எழுதத்தான் உனக்கு நேரமில்லை.

உன் தம்பி

ஜூன் 20

அக்கா,

வெற்றி! முந்நூறு அளவீடுகள். புதிய மருந்தில் அழுத்தம் நன்றாக இறங்கியிருக்கிறது. தற்செயலாக இப்படி நடக்க லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லையாம்.

புதிய மருந்து போடுகிறவர்களில் ஓய்வுபெற்ற பேண்டு மாஸ்டர் ஒருவர். பேப்பர் படிக்க தினமும் வருவார். வாரம் இரண்டு தடவை "வந்ததுதான் வந்தேன், கண்ணையும் பாத்துருங்க டாக்டர்" என்பார். இரண்டு கண்ணையும் பார்த்து எழுதிக்கொள்வோம். விஞ்ஞானம் வளர இப்படி நாலு பேர் போதும்.

கட்டுரையை அனுப்பப்போகிறேன். அடுத்த வாரம் முதல் அப்பாவுக்குப் பழைய சொட்டை நிறுத்திப் புதியதைப் போடுகிறேன்.

உன் தம்பி

ஜூன் 23

அன்புள்ள வாலு,

அப்பாவின் பழைய சொட்டை நிறுத்தாதே. மற்றதெல்லாம் பிறகு.

அளவீடு முந்நூறு, சரி. ஆள் எத்தனை? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். நீ ஒரே பானையில் நூறு சோறு எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, நூறு வீட்டில் உலை வெந்துவிட்டது என்கிறாய். பேண்டு மாஸ்டருக்கு அழுத்தம் குறைந்ததை எத்தனை நாள் பார்த்தாலும், குறைந்தது ஒருவருக்குத்தான். இரண்டு கண் இருப்பதால் அவர் இரண்டு ஆளாகிவிட மாட்டார். அப்பாவிடம் பத்துத் தடவை "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறாயே, பத்துப் பேருக்கா சமைக்கிறாய்?

ஆளுக்கொரு சராசரி எடுத்து, ஆறு பேரை ஆறு பேரோடு ஒப்பிட்டுப் பார். மருந்து நல்லதாகவும் இருக்கலாம். உனக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான். அப்பாவுக்கு இருப்பதோ ஒரே கண்.

கோபம் வந்தாலும் பதில் போடு.

அக்கா

அக்டோபர் 11

அன்புள்ள அக்கா,

மூன்று மாதம் கோபமாக இருந்தேன். அதை மூன்று கோபமாக எண்ணிவிடாதே, ஒரே கோபம்தான்.

நீ சொன்னபடி செய்து பார்த்தேன். தற்செயலாக நடக்கும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றாக இருந்தது மூன்றில் ஒன்றாகிவிட்டது. கட்டுரை இழுப்பறையில் கிடக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "அந்த பேண்டு மாஸ்டர் பேசுனாலே முந்நூறு பேர் பேசற மாதிரிதான் இருக்கும். நீ ஏமாந்ததுல தப்பே இல்லடா" என்றார்.

மூன்று மருத்துவமனைகள் சேர்ந்து, இருநூறு பேரை வைத்துப் புதிதாக ஆரம்பிக்கிறோம். கணக்குக்கு ஆள் வேண்டும். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வா.

நாளிதழை நிறுத்தவில்லை. பேண்டு மாஸ்டர் படித்து முடித்ததும் அப்பா வாங்கிக்கொள்கிறார். அப்பாவுக்குப் பழைய சொட்டையேதான் போடுகிறேன். நேற்று பொடி எழுத்து வரி விளம்பரங்கள் வரைக்கும் படித்தார்.

உன் தம்பி