பத்து வயதுப் பாவாடை

நாக்பூர்
9.11.2025

காளீஸ்வரிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு பெண் குரல், நம்ம ஊர்ப் பேச்சு. புதூரிலிருந்து பேசுகிறேன், பெயர் ராதாமணி, பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிச் சேர்ப்பது என் வேலை என்றார். "முத்துசெல்வியோட அப்பாதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பெயரை அடுத்தவர் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

அவர் பாட்டுக்குப் பேசினார். பத்து வயதுப் பிள்ளையை ஏன் வீட்டில் பூட்டி வைத்திருக்கிறீர்கள், புத்தகம் இலவசம், மத்தியானச் சாப்பாட்டோடு இப்போது காலைச் சாப்பாடும் போடுகிறோம், பெண்பிள்ளைதானே என்ற அலட்சியமா என்று ஏசினார். "பெத்தா மட்டும் போதுமா அண்ணாச்சி?" என்றார். அதன்பிறகு அவர் பேசியது காதில் ஏறவில்லை. கூட வேலை பார்க்கும் மணிராஜ்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தான். ஒரு ஈடு முறுக்கு கரியாகிவிட்டது.

அங்கே என்ன நடக்கிறது? இல்லாத பிள்ளையை இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தது யார்? ஏதாவது சலுகைக்காக நீ அவள் பெயரைச் சொன்னாயா? அப்படியானால் உன்னை மன்னிக்க எனக்கு மனசு வராது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போனில் கேட்கலாம் என்றால் நீதான் எடுப்பதே இல்லையே.

அப்பாவுக்கு இருமல் தேவலையா?

லிங்கராஜ்

*

நம் ஊர்
17.11.2025

அன்புள்ள அத்தானுக்கு,

மாமாவுக்கு இருமல் தேவலை. ராத்திரி மட்டும் கொஞ்சம் இருக்கிறது. மழை பிந்திப் பெய்தாலும் நன்றாகவே பெய்தது. கரிசல் காலோடு வருகிறது, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வேன் ஏறப் போகிறேன். உளுந்து முளைத்துவிட்டது. மக்காச்சோளத்தைப் பன்றி விட்டுவைத்தால் உண்டு.

சலுகைக்காகப் பிள்ளையின் பெயரைச் சொன்னாயா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கக்கூடாது என்று கடிதத்தை மடித்து வைத்திருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நம் ஒன்றியத்தில் எத்தனை வீடு வறுமையை விட்டு மேலே வந்திருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். கயத்தாற்றிலிருந்து ஆசிபா என்று ஒரு பெண் டேப்லெட்டோடு வந்திருக்கிறாள். நான் புதியம்புத்தூருக்குத் தையல் வேலைக்குப் போய்விட்டேன், மாமா மட்டும்தான் இருந்தார். கேஸ் அடுப்பு இருக்கா, கக்கூஸ் இருக்கா, கரண்ட் இருக்கா என்று கேட்டிருக்கிறாள். எல்லாம் இருக்கிறது என்று மாமா பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் எத்தனை பேர் என்றதும், நாலு பேர் என்றிருக்கிறார். நாக்பூரில் இருக்கிற மகன், மருமகள், தான், பேத்தி.

அவர் பொய் சொல்லவில்லை. சிறு வயசில் போன பெண்பிள்ளை நமக்கு வீட்டுக் கன்னி. பொங்கல் முடிந்து அவளுக்குப் புதுப் பாவாடை சட்டை வைத்துக் கும்பிடும்போது அவள் பெயருக்கும் ஓர் இலை போடுகிறோம். ஊரில் யாராக இருந்தாலும் கன்னியைச் சேர்த்துத்தான் ஆள் எண்ணுவார்கள். ஆசிபாவின் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது, அவளுக்கு எப்படித் தெரியும்?

வயசு கேட்டிருக்கிறாள். மாமாவுக்கு வருஷக் கணக்கு நிற்காதே. மூலையில் தொங்குகிற ஓலைப்பெட்டியை இறக்கி, போன பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய பாவாடை சட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறார். "பத்து வயசு அளவுன்னு அவ அப்பன் அனுப்பியிருக்கான். பத்துன்னே போடு தாயி." பள்ளிக்கூடம் போகிறாளா என்றதற்கு, "இல்ல. வீட்டோடதான் இருக்கா. அவ எங்க போறா?" என்றிருக்கிறார். ரேஷன் கார்டில் அவள் பெயர் இன்னும் இருக்கிறது. அதில் உங்கள் நம்பர். அப்படித்தான் உங்களுக்குப் போன் வந்தது.

அவளைப் பத்து வயசாக்கியது நீங்கள்தான் அத்தான். ஐந்து நடக்கும்போது போனவள் அவள். நாள் பூராவும் ஊரார் பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்கிறவள் நான், அளவு எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் நீங்கள் அனுப்புவது ஒரு பிடி நீண்டுகொண்டே வந்தது. முதல் தடவை பிரித்ததும் தரையில் விரித்து அளந்து பார்த்தேன். நான் படுக்க வைத்துவிட்டு வந்த பிள்ளைக்கு அது காலைத் தாண்டும். உங்கள் மேல் அவ்வளவு கோபம். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஊரே நம் வீட்டைப் பார்க்கிறது. பள்ளி செல்லாத குழந்தை இல்லாத ஊர் என்று பேனர் அடித்து, விழாவுக்கு நாளும் குறித்திருந்தார்கள். நம் வீட்டுப் பிள்ளையால் நின்றுவிட்டது. நான் போய் விஷயத்தைச் சொன்னதும் ராதாமணி டீச்சர் வாயில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. உங்களை ஏசியதை நினைத்து நினைத்து அழுதார். சரிசெய்ய வருகிறேன் என்றிருக்கிறார்.

போனை எடுப்பதில்லை என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். அந்த மே மாதம் உங்களுக்கு அதைப் போனில்தான் சொன்னேன். அதிலிருந்து போனில் உங்கள் குரல் கேட்டால் மறுபடியும் சொல்கிற மாதிரியே இருக்கிறது.

காளீஸ்வரி

*

நாக்பூர்
25.11.2025

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

உன்னைக் கேட்டிருக்கக்கூடாத கேள்வி அது. கேட்டுவிட்டேன். அந்த வரியை அடித்துவிடு.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. அப்பா பெட்டியைத் திறந்து பாவாடையை விரித்துக் காட்டியதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். நான் செய்தது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. கடையில் போய் நின்றால் என்ன வயது என்று கேட்பான். அந்த வருஷத்துக்கு என்ன வயதோ அதுதான் வாயில் வரும். யோசித்துச் சொன்னதில்லை.

உனக்கு அவள் முடிந்துபோனது தெரியும். கையால் மண் தள்ளினாய். ஊரடங்கில் ரயில் இல்லை, பஸ் இல்லை. நான் இங்கே அறையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். அவளைத் துணியில் சுற்றி, இடுகாட்டுக்குப் போகிற வேலிக்காட்டுப் பாதையில் தூக்கிக்கொண்டு போனார்கள். வேப்பமரம் வந்தது. அங்கே படம் நின்றுவிட்டது. சிக்னல் வரும் வரும் என்று போனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இன்னும் அவள் அந்த மரத்தடியில்தான் இருக்கிறாள், உள்ளே போகவில்லை. பின்னால் ஊருக்கு வந்தபோதும் அந்தப் பக்கம் கால் போகவில்லை. பத்து நாளில் ஓடிவந்துவிட்டேன். நீ என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்திருப்பாய்.

டீச்சர் வந்தால் ஒன்று செய். பெயரை எடுக்கச் சொல், ஆனால் இறந்த தேதியைச் சொல்லி எடு. காய்ச்சலில் விடிய விடிய வண்டிக்கு அலைந்தும் கிடைக்காமல் போன பிள்ளை என்று சொல். நாட்டின் வறுமையைத்தானே கணக்கெடுக்கிறார்கள்? அவள் செத்ததும் அந்தக் கணக்கில் ஒன்றாக இருக்கட்டும். அந்த மட்டிலாவது அவளை ஒரு இடத்தில் எழுதி வைத்தார்கள் என்றிருக்கும்.

லிங்கராஜ்

*

நம் ஊர்
8.12.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடியே சொன்னேன். நடந்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

ராதாமணி டீச்சரும் ஆசிபாவும் வந்தார்கள். ஆசிபா சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கும். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியாமப் போச்சுக்கா என்று அழுதாள். காப்பி கொடுத்து உட்கார வைத்தேன். இறந்த தேதியைச் சொன்னேன். அவள் அந்தக் கேள்வி இருக்கிற பக்கத்தைத் திறந்தாள். வீட்டில் பதினெட்டு வயதுக்குள் யாராவது இறந்திருந்தால் அதை அவர்களே கேட்கிறார்கள் அத்தான். அதற்கென்று கேள்வியே இருக்கிறது. எனக்கு மனசு கொஞ்சம் லேசானது.

தேதியைப் போட்டதும் சிவப்பாக ஏதோ வந்தது. மறுபடி போட்டாள், மறுபடி வந்தது. "அஞ்சு வருஷத்துக்குள்ள செத்திருந்தாத்தான் எடுக்கும்க்கா. தாண்டிட்டு" என்றாள். அப்போது என்னவென்று வரும் என்று கேட்டேன். டீச்சர்தான் சொன்னார். "சாவு இல்லாத வீடுன்னு வரும்மா. கேஸ், கக்கூஸ், கரண்ட் எல்லாம் இருக்கு. உங்க வீடு வறுமைய விட்டு வெளிய வந்துட்டுன்னுதான் காட்டும்."

கேஸ் வந்தது நிஜம். கக்கூஸ் நிஜம். இப்போது நம் தெருவரைக்கும் தார் ரோடு இருக்கிறது, போன மாதம் பக்கத்து வீட்டு மருமகளுக்குப் பிரசவ வலி வந்தபோது ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. நான் எதையும் இல்லை என்று சொல்லமாட்டேன். எல்லாம் வந்துவிட்டது அத்தான். அவள் போன பிறகு வந்தது. அவளும் போய்ப் பழசானதால்தான் நாம் முன்னேறியிருக்கிறோம் என்றால் அதை எந்த வாயால் ஒப்புக்கொள்வது? நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

அப்படியானால் பெயரை எப்படி எடுப்பது என்றேன். அன்றைக்கிருந்த நிலைமையில் நாம் சாவைப் பதியவே இல்லை, காட்டச் சான்று இல்லை. மிச்சம் இரண்டு வழிதான். ஒன்று, தவறாகச் சேர்த்த பெயர் என்று போடுவது. அதாவது அப்படி ஒரு பிள்ளையே இந்த வீட்டில் இல்லை. மாமா அதைக் கேட்டுவிட்டு ஓலைப்பெட்டியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் முடியாது என்றேன்.

இன்னொன்று, வெளியூரில் இருக்கிறாள் என்று போடுவது. "எங்க இருக்கான்னு கேக்கும்க்கா" என்றாள் ஆசிபா.

"அவ அப்பாகிட்ட இருக்கா. நாக்பூர்ல" என்றேன்.

டீச்சர் வாசலைப் பார்த்தார். ஆசிபா என்னைப் பார்த்தாள், பிறகு அப்படியே போட்டாள்.

ஆகவே முத்துசெல்வி இப்போது உங்களோடு இருக்கிறாள். நான் ஐந்து வருஷம் தனியாக வைத்துக்கொண்டேன். நம் வீடு முன்னேறிய வீடு, நம் ஊரில் பள்ளிக்குப் போகாத பிள்ளை யாரும் இல்லை. விழாவையும் நடத்திவிட்டார்கள். ஓலைப்பெட்டி காலியாக இருக்கிறது, போன பொங்கலுக்கு வந்த பாவாடையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். இந்தப் பொங்கலுக்கு யார் கையிலும் பார்சல் கொடுத்துவிடாதீர்கள், வாங்கமாட்டேன். அவளை நீங்கள்தான் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

காளீஸ்வரி

*

நாக்பூர்
18.12.2025

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். டிக்கெட் எடுத்தாயிற்று. போகிக்கு முந்தின நாள் காலையில் கோவில்பட்டியில் இறங்குவோம்.

இன்றைக்குப் பாவாடை எடுக்கப் போனேன். பிள்ளையையும் அழைத்து வந்திருந்தால் அளவு சரியாகப் பார்த்திருக்கலாமே என்றான் கடைக்காரன். கூடத்தான் இருக்கிறாள் என்று சொன்னேன். அவன் என் பக்கத்தில் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தான்.

நீ போனை எடுக்க வேண்டாம். நானும் அவளும் வந்ததும் எங்களை வேலிக்காட்டுக்குக் கூட்டிப்போ. வேப்பமரம் வரைக்கும் எனக்குப் பாதை தெரியும். அங்கிருந்து நீ காட்டு.

லிங்கராஜ்