சிம் யார் பேர்ல இருக்கு

மின்னூர்
14.6.2009

அடியே ஹெப்சி,

நல்லாருக்கியா? வாந்தி நின்னுச்சா? ஏழாம் மாசத்துல ரொம்ப நேரம் காலைத் தொங்கப்போட்டு உக்காரக் கூடாதாம், அம்மா உனக்குச் சொல்லச் சொன்னாங்க. உன் மாமியார் கிட்ட சொல்லி ஒரு முக்காலி வாங்கி வச்சுக்க.

போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறாளே, அவ்ளோ கொழுப்பான்னு திட்டியிருப்ப. போன் என்கிட்ட இல்லடி. எங்க அண்ணன் செந்தில் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டான். அதான் கடிதாசி. ஷூ கம்பெனி லைன்ல என் பக்கத்து மிஷின் அக்தரி அக்கா இருக்காங்கல்ல, அவங்கதான் இதை போஸ்ட் பண்றாங்க. நீயும் அவங்க ஆம்பூர் விலாசத்துக்கே எழுது. எங்க வீட்டுக்கு எழுதினா அண்ணன் பிரிச்சுப் படிப்பான்.

நடந்ததை உங்க வீட்டுக்காரர் ஜோனதன் சார் உன்கிட்ட சொன்னாரா? போன ஞாயித்துக்கிழமை அண்ணன் ரீசார்ஜ் பண்ண ஆம்பூர்ல உங்க செல்போன் கடைக்குப் போயிருக்கான். ஜோனதன் சார் கல்லாவுல உக்காந்துக்கிட்டு, "உங்க பேர்ல இன்னொரு சிம்மும் ஓடுதே. அதுக்கு ஒரே மாசத்துல ஆறு தடவ நெட் போட்டிருக்கு. கொஞ்சம் கவனிச்சுக்கங்க"ன்னு சொல்லியிருக்காரு. அந்த இன்னொரு சிம் என்னோடது. எங்க லைன்ல பாதிப் பொண்ணுங்களுக்கு அண்ணன் பேர்ல, மீதிப் பேருக்குப் புருஷன் பேர்ல. சம்பாதிக்கிறது நாங்க, சிம் மட்டும் அவங்க பேர்ல. உனக்குத் தெரியாததா?

கடையில அத்தனை பேர் முன்னாடி அண்ணனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "கல்யாணம் ஆகாத பொண்ணு ஆறு தடவ நெட் போட்டு இன்னா பண்றா?"ன்னு கேட்டிருக்கான். அதுக்கு உங்க வீட்டுக்காரர், "அது எனக்கு எப்படித் தெரியும்? பாப்பாவையே கேளுங்க"ன்னாராம்.

ஏண்டி, அவருக்கா தெரியாது? ஆறு தடவையும் போட்டுவிட்டதே அவருதான். எந்த போன்ல எந்தப் பட்டன் காசைத் தின்னுது, ஒரு பாட்டு எறக்கினா எவ்ளோ போவுது, படம் வராம நிறுத்திட்டுப் பக்கத்தைத் தொறந்தா எவ்ளோ கம்மியாவுதுன்னு என் போன்லயே போட்டுப் போட்டுப் பார்த்து உங்க கடைக்குச் சொன்னேனே. அதுக்குத்தானே அத்தனை நெட்டும்?

ஞாபகம் இருக்கா, நீயும் நானும் ஒரே லைன்ல இருந்தப்போ ஜஹீருன்னிசா சாப்பாட்டு நேரத்துல உக்காந்து அழுதா. வாராவாரம் ரீசார்ஜ் பண்றேன், யாரு கிட்டயும் பேசல, பேலன்ஸ் காலின்னு. இடுப்புல சொருவின போன்ல நடுப் பட்டன் அமுங்கி தானா நெட் தொறந்துக்குதுன்னு கண்டுபிடிச்சது யாரு? அந்தப் பட்டனை ரேடியோவுக்கு மாத்திவிட்டது யாரு? "இதை ஒரு தொழிலாவே பண்ணலாம் ஹெப்சி. வேணாங்கிறவங்களுக்கு நெட்டை மூடிக் கொடுக்கலாம், வேணுங்கிறவங்களுக்கு அளவா செலவு பண்ணச் சொல்லிக் கொடுக்கலாம்"னு உன்கிட்ட சொன்னது நான்தானே? "கடை எங்களோடது, யோசனை உன்னோடது, மூணு பேரும் பங்கு"ன்னு நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு குதிச்சியே.

சிம் யார் பேர்ல இருக்கோ அவங்க வந்து கேட்டா கணக்கு சொல்லலாம்னு உங்க வீட்டுக்காரர் கெளம்பினப்பவே நான் அடிச்சிக்கிட்டேன். போனைக் கையில வச்சிருக்கிறவங்களுக்குத்தான் சொல்லணும், வேற யாருக்கும் கூடாதுன்னு. "ஆம்பளைங்கதான் கடைக்கு வர்றாங்க, அவங்களுக்கு இது புடிக்குது"ன்னாரு. புடிக்காமலா போவும்?

அண்ணன் அடிக்கல. அதைவிட மோசம், பேசறதே இல்ல. வேலையை விட்டு நிறுத்திடுவேன்னு அம்மா கிட்ட சொல்லியிருக்கான். நீ ஒண்ணும் பெருசா பண்ண வேணாம். வீட்டுக்கு வந்து, "பூர்ணிமா எங்க கடை வேலையாத்தான் நெட் பார்த்தா"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. உன்மேல அவனுக்கு மரியாதை உண்டு. நீ சொன்னா நம்புவான்.

உன் பூர்ணி


காட்பாடி
23.6.2009

என் பிரியமான பூர்ணிமாவுக்கு,

உன் ஹெப்சி அன்போடு எழுதுவது. தேவன் உன்னைத் தம் கண்மணியைப் போலக் காப்பாராக. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமியார் வாந்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவரிடம் கேட்டேன். பழக்க தோஷத்தில் எல்லாரிடமும் சொல்வதுபோல் சொல்லிவிட்டாராம். அந்த நம்பர் உன்னுடையது என்பது உன் அண்ணன் கோபப்பட்ட பிறகுதான் உறைத்ததாம். அப்போது உண்மையைச் சொன்னால், "என் தங்கச்சிக்கும் உனக்கும் என்ன பேச்சு?" என்று கடையையே உடைத்திருப்பான் என்கிறார். யோசித்துப் பார், அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது அல்லவா?

நான் வரலாம் என்றால் டாக்டரம்மா பஸ்ஸே ஏறக் கூடாது என்கிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள். உன் அண்ணன் கோபம் வைக்கோல் நெருப்புதான், தானாக அணைந்துவிடும். குழந்தை பிறந்ததும் உனக்கு ஒரு புது போனே எடுத்துத் தருகிறேன்.

இன்னொரு செய்தி. ஆம்பூர் கடையில் கூட்டம் தாங்கவில்லை. நீ எழுதிக் கொடுத்த "உங்க பேலன்ஸ், உங்க கையில" என்ற வாசகத்தை ஸ்டிக்கராக அடித்து, சரி செய்து கொடுக்கும் ஒவ்வொரு போன் பின்னாலும் ஒட்டுகிறார். சிம் கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டர் வந்து பார்த்துவிட்டு, ராணிப்பேட்டையில் ஒரு கிளை வைக்க உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லாம் உன் கைராசி.

ஜெபத்தில் உன்னை நினைக்கிறேன்.

உன் ஹெப்சி


மின்னூர்
12.7.2009

ஹெப்சி,

உன் கடிதாசி வந்துச்சு. வைக்கோல் அணையல, வீடே எரியுது.

ஒண்ணாந்தேதியிலிருந்து கம்பெனிக்குப் போகல. நிறுத்திட்டான். கம்பெனி பஸ் காலையில எங்க தெருமுனையில ஆரன் அடிக்குது. மத்தப் பொண்ணுங்க ஏறிப் போறதை ஜன்னல்ல நின்னு பார்க்கிறேன். அக்தரி அக்கா காய்ச்சல்ல கெடக்கிறவளைப் பார்க்க வர்ற மாதிரி வந்து உன் கடிதாசியை ஜாக்கெட்டுக்குள்ளேர்ந்து எடுத்துக் கொடுத்துட்டுப் போனாங்க. எனக்குக் காய்ச்சல்னு தெருவுக்கே சொல்லி வச்சிருக்காங்க.

ஜோலார்பேட்டையில ரயில்வே வேலை பார்க்கிற மூர்த்தின்னு ஒருத்தரோட வீட்டுல வந்து பார்த்துட்டுப் போய்ட்டாங்க. ஆவணியில கல்யாணமாம். என்னை யாரும் கேக்கல. "கெட்ட பேரு வெளியில போறதுக்கு முன்னாடி தள்ளிவிட்டுடணும்"னு அண்ணன் அம்மா கிட்ட சொல்றான், நான் அதே ரூம்ல உக்காந்திருக்கேன். அம்மா என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போய், "யாரு அந்தப் பையன், எனக்கு மட்டும் சொல்லு கண்ணு"ங்கிறாங்க. இல்லாத பையனை எங்கேர்ந்து கொண்டாறது? கடை வேலைன்னு சொன்னா, "அப்ப அவங்க ஏன் சொல்லல?"ங்கிறாங்க. இதுக்கு நான் இன்னா பதில் சொல்றது, நீயே சொல்லு.

இதுல இன்னொரு கூத்து. லோக்கல் கேபிள்ல உங்க வீட்டுக்காரர் பேட்டி வந்துச்சு. அம்மா சீரியலுக்கு நடுவுல மாத்தறப்போ பார்த்தேன். டை எல்லாம் கட்டியிருந்தாரு. இந்த யோசனை எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்க. "ஒருநாள் ஜெபத்துல இருந்தப்போ உதிச்சுது"ன்னாரு. அடப்பாவி! ஜெபத்துல நடுப் பட்டன் வந்து நின்னுச்சாமா? பக்கத்துல உக்காந்திருந்த அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, "இவருக்காக நீ வேலை செஞ்சியா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாம்?"னு கேட்டான். அன்னிக்குத்தான் நான் மொத தடவையா அழுதேன்.

பேரு, பங்கு, ராணிப்பேட்டை கிளை, எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கங்க. எனக்கு ஒண்ணும் வேணாம். எனக்கு வேலைக்குப் போவணும். அடுத்த வருஷம் சூப்பர்வைசர் ஆக்கறேன்னு சொல்லியிருந்தாங்க, உனக்குத் தெரியும்.

பஸ் ஏற முடியலன்னா பரவால்ல. அண்ணன் பேருக்கு ஒரு கடிதாசி எழுது. நாலு வரி போதும். உடனே எழுதிடு, ஆடிக்கு முன்னாடியே நிச்சயமாம். நிச்சயம் பண்ணிட்டா அப்புறம் யாரு வந்து சொன்னாலும் எடுபடாது. உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன்டி. இதுக்கு முன்னாடி உன்கிட்ட எதையாவது கெஞ்சியிருக்கேனா?

பூர்ணி


காட்பாடி
10.8.2009

என் பிரியமான பூர்ணிமாவுக்கு,

உன் நிச்சயதார்த்தம் முடிந்ததாக அக்தரி அக்கா எழுதியிருந்தார்கள். தாமதமாகப் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் அண்ணனுக்கு எழுதக் காகிதம் எடுத்து எத்தனையோ முறை உட்கார்ந்தேன். அவர் வேண்டாம் என்கிறார். யோசனை தன்னுடையது என்று சொல்லித்தான் டிஸ்ட்ரிபியூட்டரிடம் பேச்சு முடிந்திருக்கிறதாம். எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு அது அவர்கள் கைக்குப் போகும், எல்லாம் கெட்டுவிடும் என்கிறார். பிள்ளை பிறக்கும் நேரத்தில் வீட்டில் சண்டை வேண்டாம் என்று மாமியாரும் சொல்கிறார்கள். நான் என்ன செய்வேன், சொல். இது என் வீடில்லை, அவர்கள் வீடு.

மூர்த்தி நல்ல பையன் என்று கேள்விப்பட்டேன். குடிப்பழக்கம் இல்லை, அரசாங்கச் சம்பளம். தேவன் ஒரு கதவை அடைத்தால் இன்னொன்றைத் திறப்பார். உன் நன்மைக்கே இப்படி நடந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், என்னைத் தப்பாக நினைக்காதே. நாம் அக்கா தங்கைபோல் இருந்தவர்கள், அதனால் கேட்கிறேன். ஆறு தடவை போட்டது அவ்வளவும் கடைக்காக மட்டும்தானா? வேறு யாரோடும் பேசவில்லையே? அப்படி என்னதான் பார்த்தாய்? தெரிந்தால் என் மனதுக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

உன் ஹெப்சி


காட்பாடி
20.12.2009

பூர்ணிமா,

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். உன் ஜோலார்பேட்டை குவார்ட்டர்ஸ் விலாசத்தை அக்தரி அக்காவிடம் வாங்கினேன். கொடுக்கத் தயங்கினார்கள்.

எனக்குப் பெண் குழந்தை. ஃபீபி என்று பெயர் வைத்திருக்கிறோம். முகம் அவர் ஜாடை, பிடிவாதம் உன்னைப்போல. ராணிப்பேட்டைக் கடை திறந்தாகிவிட்டது. ரிப்பன் வெட்டும்போது நீ பக்கத்தில் இல்லையே என்று எனக்கு அழுகை வந்தது. கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சமாளித்தேன். உன் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

உன்னிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. திட்டியாவது நாலு வரி எழுது. மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது.

ஹெப்சி


ஜோலார்பேட்டை
17.1.2010

ஹெப்சிக்கு,

பொங்கல் முடிஞ்சு இன்னிக்குத்தான் எழுத உக்காந்தேன். பாப்பா பொறந்ததுல சந்தோஷம். நல்லாருக்கட்டும்.

மூர்த்தி கெட்டவர் இல்ல. அவருக்குப் பிடிச்சதை ஆக்கிப் போட்டா சாப்பிட்டுட்டு நல்லாருக்குங்கிறாரு. வேலைக்குப் போறேன்னு சொன்னா டிவி சத்தத்தை ஏத்தறாரு. அவ்ளோதான் எங்க சண்டை.

பொங்கலுக்கு எனக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தாரு. ஆசையா டப்பாவைப் பிரிச்சேன். பின்னாடி ஒரு ஸ்டிக்கர். "உங்க பேலன்ஸ், உங்க கையில." மின்னூர்ல எங்க அம்மா வீட்டுக்கு வந்தப்போ ஆம்பூர் போய் உங்க கடையில வாங்கியிருக்காரு. "பொம்பளைங்க போனுக்கு நெட் வேணாம், மூடித் தர்றோம்னு கடைக்காரரே சொன்னாரு. சிம் என் பேர்லதான். மாசாமாசம் கணக்கும் சொல்றாங்களாம், நல்ல கடை"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எதுக்குச் சிரிக்கிறேன்னு அவரு கேட்டாரு. சொல்லல. சொன்னா அவரும் நம்ப மாட்டாரு.

மூடினதை எப்படித் தொறக்கணும்னு எனக்குத் தெரியும். உங்க வீட்டுக்காரருக்கு மூடச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. மூர்த்தி டூட்டிக்குப் போனதும் தொறந்துட்டேன். அது மட்டுமில்ல. இந்த குவார்ட்டர்ஸ்ல நாலஞ்சு பொம்பளைங்க காசு போவுதுன்னு போனை எடுத்துக்கிட்டு என்கிட்ட வர்றாங்க. பார்த்துச் சரி பண்ணி, எதுல போவுதுன்னு அவங்க கிட்ட மட்டும் சொல்லி அனுப்பறேன். அவங்க வீட்டுக்காரங்க வந்து கேட்டா தெரியாதுங்கிறேன்.

நீ கேட்டதுக்கு வர்றேன். அண்ணன் கேட்டான், பொறுத்துக்கிட்டேன். அம்மா கேட்டாங்க, பாவம் பயந்துபோய்க் கேட்டாங்க. மூர்த்தி வீட்டுல சுத்தி வளைச்சுக் கேட்டாங்க. நீயும் கேட்ட. எதுக்காகப் பார்த்தேன்னு ஒலகத்துலயே தெரிஞ்சவங்க நீயும் உன் புருஷனும் மட்டும்தான். அப்படியிருந்தும் "அப்படி என்னதான் பார்த்தாய்"னு எழுதின பாரு, அந்தக் கடிதாசியை அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன். நீ வராதது, எழுதாதது எல்லாம் உன் பயம்னு விட்டிருப்பேன். இது பயம் இல்ல. உனக்கு நான் தப்பு பண்ணியிருந்தா சவுகரியமா இருந்திருக்கும்.

மன்னிப்பெல்லாம் உங்க சர்ச்சுல கேளு. என்கிட்ட ஸ்டாக் இல்ல. இனிமே இந்த விலாசத்துக்கு எழுதாத, வந்தா பிரிக்காம திருப்பி அனுப்பிடுவேன். அக்தரி அக்காவையும் நடுவுல இழுக்காத.

பாப்பாவுக்கு ஒண்ணு சொல்லணும்னு தோணுது, அதுக்காகத்தான் இவ்ளோவும் எழுதினேன். அவ வளர்ந்து ஒரு போன் கேட்டா, சிம்மை அவ பேர்லயே வாங்கிக் கொடு.

பூர்ணிமா