மிளகாய்ப் பாத்தியில் முளைத்த வாழை

சியாங் ராய்
ஏப்ரல் 28, 1987

அன்புள்ள பென்சீ,

முளைத்துவிட்டது! அவசரத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. அந்தக் காட்டுவாழை விதைகளை ஆறு மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே சூட்டில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட அசையவில்லை. வெறும் மண்தானே என்று நீ மிளகாய்ப் பாத்தியில் கொட்டினாய். நான் ஊர் கேட்கக் கத்தி உன்னைத் தாய்வீட்டுக்கு விரட்டினேன். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டதில்தான் கண் திறந்திருக்கிறது!

நான்கு முளைத்தன. மூன்றைக் கோழி கிளறிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. மலையில் தாய்மரம் நின்ற சரிவும் போன மழையில் இடிந்து போய்விட்டது, இந்த இனத்தில் இனி இது ஒன்றுதான். நீதான் ஜெயித்தாய். வந்துவிடேன்.

உன் கம்பான்

பாயாவ்
மே 9

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "ஏண்டி, வயித்துல இருக்கற புள்ளையப் பத்தி ஒரு வரி எழுதியிருக்காரா?" என்று கேட்டாள். தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். இல்லை.

செடிக்கு அப்புறம்தான் நாங்கள் என்றால் இங்கேயே இருந்துவிடுகிறோம். நானாகக் கூப்பிடும்வரை வராதீர்கள். செடியைச் சுற்றி வேலி போடுங்கள், கோழி சும்மா இருக்காது.

பென்சீ

சியாங் ராய்
நவம்பர் 21

என் பென்சீ,

உடம்பு எப்படி இருக்கிறது? முதலில் அதைத்தான் கேட்டிருக்கிறேன், கவனித்தாயா?

மொட்டு வந்துவிட்டது! தலை குனியாமல் வானத்தைப் பார்த்து நிற்கிறது. அப்படி ஒரு ரோஜா நிறம்! பக்கக் கன்று எதுவும் விடவில்லை. காய் பிடித்து விதை முற்றினால்தான் அடுத்த தலைமுறை. பாங்காக்கிலிருந்து ஒரு செடி வியாபாரி வந்து, "அண்ணே, வெதையில வர்ற மொதக் கன்னு எனக்குத்தான், சத்தியம் பண்ணுங்க" என்று விடாப்பிடியாக நிற்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை.

கம்பான்

பாயாவ்
நவம்பர் 27

அன்புள்ளவருக்கு,

பெண் பிறந்து நான்கு நாளாகிறது. உங்கள் மூக்கு. பால்தான் ஊறவில்லை. அவள் பசியில் கத்துகிறாள், நான் கூடச் சேர்ந்து அழுகிறேன். வாழைப்பூக் குழம்பு குடித்தால் ஊறுமென்று அம்மா சொல்கிறாள்.

உங்கள் பூ நன்றாக இருக்கட்டும்.

பென்சீ

சியாங் ராய்
நவம்பர் 29

பென்சீ,

இதைப் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். காலையில்தான் வெட்டினேன், ஈரத் துணியில் சுற்றியிருக்கிறது. வாடுவதற்குள் அத்தையிடம் கொடு. பிள்ளைக்கு வயிறு நிறைந்ததா என்று மட்டும் எழுது.

கம்பான்

பாயாவ்
டிசம்பர் 2

அடப் பாவி மனுஷா,

பாயாவ் சந்தையில் வாழைப்பூ மலைபோலக் குவிந்து கிடக்கிறதே! நான் உங்களுக்கு எழுதிய அன்றே அம்மா மூன்று வாங்கிவிட்டாள். துணியைப் பிரித்தால் உங்கள் ரோஜா நிறப் பூ. "இதையா வெட்டுனான்? கிறுக்குப் பய!" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய் அழுதாள்.

உங்கள் பூவில் வைத்த குழம்பு ஒரே கசப்பு. அம்மா வாயில் வைத்ததைத் துப்பிவிட்டாள். நான் சட்டியை வழித்துத் தின்றேன். எந்தப் பூவுக்குப் பால் ஊறியதோ, பிள்ளை வயிறு நிறைந்து தூங்குகிறாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வாருங்கள். இன்னும் பெயர் வைக்கவில்லை.

உங்கள் பென்சீ