இடது கைக்காரி யாரும் இல்லை என்று சொன்னேன்

என் அமலுவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. நேரமில்லாமல் இல்லை. உன் அம்மாவிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான்.

நேற்று விழுப்புரத்துக்குப் பெண் பார்க்க வந்தேன். சிரிக்காதே. நான் ஆராய்ச்சி செய்யும் சென்னைக் கல்லூரியில், பெண்கள் பேஸ்பால் அணிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு இடம் இருக்கிறது. திண்டிவனம் பக்கத்து அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கும் கௌசல்யா என்ற பெண் ஷார்ட் ஸ்டாப்பில் நன்றாக ஆடுகிறாள் என்று தகவல். "நீ அந்த ஊர்ப் பொண்ணுதானே, போய்ப் பாத்துட்டு வந்து எழுதிக் குடு" என்றார் எங்கள் உடற்கல்வி இயக்குநர். எட்டு வருடத்துக்கு முன் உன்னையும் என்னையும் பார்க்க வந்த அதே சார்.

அப்போதும் இடம் ஒன்றுதான்.

வரும் வழியில் ரயில் ஒலக்கூரில் நின்றது. இறங்கினால் உன் வீடு, அத்தை வீடு, பத்து நிமிட நடை. நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒன்றும் இல்லை.

ஆட்டம் நடந்த விழுப்புரம் மைதானம் மாறவில்லை. இரண்டு அணிக்கும் சேர்த்து ஒரே செட் க்ளவுஸ் என்பதும் மாறவில்லை. பந்தடிக்கும் முறை மாறும்போது, கழற்றி நின்ற இடத்திலேயே போட்டுவிட்டுப் போகவேண்டும். எதிரணிப் பெண் வந்து எடுத்து மாட்டிக்கொள்வாள். ஒருத்தி மறந்துபோய் மாட்டியபடியே மரத்தடிக்கு நடந்தாள்.

"ஏய், உங்க வூட்டு சொத்தா அது? கய்ட்டி வச்சிட்டுப் போடி!"

"இந்தா, வேர்வையோட எடுத்துக்க. அப்பவாச்சும் பந்து தங்குதா பாப்போம்."

உன் ஞாபகம் வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எப்போது வராமல் இருந்தது?

கௌசல்யாவைப் பார்த்தேன். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில், நீ நின்ற இடத்தில் நிற்கிறாள். மட்டையில் பந்து படும் சத்தம் கேட்பதற்குள் அவள் கால் நகர்ந்துவிடுகிறது. தரையோடு உரசி வரும் பந்துக்குக் குனிகிறவள் மாதிரியே தெரியவில்லை. பந்துதான் அவளிடம் வருகிறது. ஆனால் எறிதல்? முதல் பேஸுக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்து இரண்டு தடவை தரையைத் தொடுகிறது.

முதல் பேஸில் நின்ற பெண் கத்தினாள்: "ஏண்டி கௌசி, மல்லாட்டைச் செடிக்குத் தண்ணி பாச்சிக்கினு கீறியா? தூக்கிப் போடுடி!"

ஆட்டம் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

"நீ எந்தக் கைல எழுதுவ?"

"சோத்தாங்கைலதான்க்கா. ஏன்?"

"சின்ன வயசுல?"

"அப்பவும் இதுதான்."

"கல்லு எறியறது?"

"எல்லாமே இந்தக் கைதான்க்கா. இன்னாக்கா, கைரேகை பாக்குறீங்களா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று தடவை ஏன் கேட்டேன் என்று உனக்குத் தெரியும். இதைப் பத்திரிகையில் படிக்கப்போகும் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

நீ இடது கைக்காரி. அது யாருக்கும் தெரியக்கூடாது என்று வளர்ந்தவள். சின்ன வயதில் அந்தக் கை சோற்றுக்குப் போகும்போதெல்லாம் அத்தை அடித்தாள். பள்ளியில் "பீச்சாங்கை" என்று பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள் என்று எழுதுவதைக்கூட மாற்றிக்கொண்டாய். பள்ளியில் இருந்த க்ளவுஸ் எல்லாம் இடது கையில் மாட்டுவது, பிடித்து வலது கையால் எறிவதற்கு. வலது கையில் மாட்டுவது ஒன்றுகூட அங்கே கிடையாது. கிடைத்ததை மாட்டிக்கொண்டு, உன்னுடையது அல்லாத கையால் எறிந்தாய். உன் பந்தும் இரண்டு தடவை தரையைத் தொட்டுத்தான் போகும்.

ஆனால் ஏரிக்கரையில் நாம் இருவர் மட்டும் இருக்கும்போது இடது கையால் எறிவாய். அந்தப் பந்தை நான் ஒருநாளும் வெறுங்கையால் பிடித்ததில்லை. பயம். அதைப் பார்த்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

தேர்வு நாளன்று ஆட்டம் முடிந்து நீ குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனாய். சார் எங்களிடம் கேட்டார்: "இங்க லெப்ட் ஹேண்ட் யாராவது இருக்கீங்களாம்மா? பிட்சிங்குக்கு, பந்து வீச, ஒரு பொண்ணத் தேடிக்கினே இருக்கேன், கெடைக்க மாட்டேங்குது."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"யாரும் இல்ல சார்" என்றேன்.

நீ வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாய். "சார் இன்னாடி கேட்டாரு?"

"பேரு கேட்டாருடி."

பட்டியல் வந்தபோது என் பெயர் இருந்தது. இரண்டாம் பேஸ், ரீட்டா. நீ என்னை இடுப்போடு பிடித்துத் தூக்கிச் சுற்றினாய். "எங்க மாமன் பொண்ணு காலேஜுக்குப் போவுதுடி!" என்று தெருவெல்லாம் சொன்னாய். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். இறக்கி விடு, சொல்கிறேன் என்று.

நீ கம்பெனி வேனில் ஏறினாய். இரண்டு வருடம். ஒரு மார்கழி விடியலில், பனியில், நெடுஞ்சாலை ஓரம் நின்ற லாரி. மேலே எழுத வரவில்லை. பெட்டியில் உன் கைகளைச் சேர்த்து ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். வலது கையை மேலே வைத்திருந்தார்கள்.

அந்த இடம் உனக்குக் கிடைத்திருந்தால் நீ அந்த வேனில் இருந்திருப்பாயா? இந்தக் கேள்வியை எழுதி அடிக்கிறேன். மறுபடி எழுதுகிறேன்.

கல்லூரி நூலகத்தில் குற்ற உணர்வைப் பற்றி நிறையப் படித்தேன், அமலு. எல்லாம் பெரிய மனிதர்கள், பெரிய குற்றங்கள். மரத்தடியில் நின்று ஒரு பொய் சொன்ன பதினேழு வயதுப் பெண்ணை எந்தப் புத்தகத்திலும் காணோம். ஒருவேளை நான் காணாதபடி படித்தேனோ?

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அத்தை வீட்டில் சாப்பிடுகிறேன். அத்தை பரிமாறிக்கொண்டே சொல்வாள்: "நான்தான் ரீட்டா அடிச்சி அடிச்சி அந்தக் கைய மொடக்கிட்டேன். அத அதும்பாட்டுக்கு வுட்டிருந்தா எம் பொண்ணும் உன்ன மாதிரி போயிருக்கும். நான்தான் எமனு."

"அப்டிலாம் சொல்லாதீங்க அத்தை" என்பேன். என்னுடையதை அவள் தலையில் வைத்துவிட்டுச் சாப்பிடுவேன். இன்னொரு கரண்டி குழம்புகூடக் கேட்டிருக்கிறேன்.

நேற்று கௌசல்யாவிடம், "சீட்டு கெடைக்கலன்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"கம்பெனி வேன் இருக்குதேக்கா. எங்க அக்காவும் அதுலதான் போவுது. டிபன் குடுக்குறாங்க, யூனிபார்ம் குடுக்குறாங்க. பேஜாரு இல்ல."

அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

கையிலிருந்த படிவத்தில் 'எறியும் திறன்' என்று ஒரு கட்டம். நன்று, சுமார், குறைவு. பேனா 'நன்று' மேல் நின்றது. ஒரு பொய்யால் உன்னை அனுப்பினேன். ஒரு பொய்யால் இவளை எடுத்துவிடலாம். கணக்குச் சரியாகிவிடும் என்றுகூடத் தோன்றியது. யாருக்குச் சரியாகும்? உனக்கா? முதல் நாளே கல்லூரி மைதானத்தில் எல்லோர் முன்னாலும் இவள் பந்து தரையில் உருளும்.

'குறைவு' என்று எழுதினேன். பிறகு விழுப்புரம் பிளாட்பாரத்திலிருந்து சாருக்குப் போன் செய்தேன்.

"கை கொறைவா? அப்புறம் ஷார்ட் ஸ்டாப்ல எப்டிம்மா?"

"செகண்ட் பேஸ்ல போடலாம் சார். அங்கேர்ந்து எறியற தூரம் கொறைச்சல். இவ கால் மாதிரி நான் பாத்ததே இல்ல."

"நீ ஆடுன எடமாச்சே அது." சிரித்தார். "சரி, திங்கக்கெழம வரச் சொல்லு. நானே பாக்குறேன்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அமலு. தெரிந்ததைச் சொல்ல அவ்வளவு நேரம்தான் ஆகிறது.

அவர் வைப்பதற்குள், "சார், இன்னொண்ணு" என்று உன்னைப் பற்றிச் சொன்னேன். அந்த மரத்தடி, அவர் கேட்டது, நான் சொன்னது. எல்லாவற்றையும்.

"எந்தப் பொண்ணும்மா?"

"அன்னிக்கி ஷார்ட் ஸ்டாப் ஆடுனவ சார். அமலா."

"ஞாபகம் வரலியேம்மா. எத்தினியோ ஊரு, எத்தினியோ பசங்க." பிறகு, "இப்ப அது இன்னா பண்ணுது? வேணும்னா வரச் சொல்லேன். கோச்சிங் எதுனா பாக்கலாம்" என்றார்.

"செத்துட்டா சார். ஆறு வருஷம் ஆச்சி."

ரயில் வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு ஏறினேன்.

அவரிடம் கோபமில்லை. அவர் கேட்டார், பதில் சொன்னது நான். ஆனால் உன்னை ஞாபகமில்லை என்று ஒருவர் சொல்லக் கேட்டபோது, உன்னை இரண்டாவது தடவை இழந்தேன். இதை மன்னிப்புக் கேட்பதாக எடுத்துக்கொள்ளாதே. நீ மன்னித்துவிடுவாய். தூக்கிச் சுற்றியவள்தானே. அதுதான் தாங்கவில்லை.

கௌசல்யா தேறுவாளா, தெரியாது. திங்கள்கிழமை அவளைப் பற்றி யார் எதைக் கேட்டாலும், நல்லதோ கெட்டதோ, தெரிந்ததைச் சொல்வேன்.

இந்தக் கடிதம் அச்சில் வருவதற்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்ததும் ஒலக்கூரில் இறங்குவேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துச் சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. எதிரில் உட்கார்ந்து நானே வாசிப்பேன், முதல் வரியிலிருந்து. அவள் எழுந்து உள்ளே போய்விட்டால், காத்திருந்து, வந்ததும் விட்ட இடத்திலிருந்து வாசிப்பேன். இனி அந்த வீட்டுப் படி ஏறாதே என்று அவள் சொன்னாலும், "உங்க கை மேல தப்பில்ல அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

இப்படிக்கு,
நீ ஊரெல்லாம் சொல்லி அனுப்பிய உன் மாமன் பொண்ணு,
ரீட்டா