ஏடு இல்லாத உருண்டைகள்

ஜூன் 10, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். அரியலூர் சுரங்கத்தில் பொறுக்கிய உருண்டைக் கற்கள் கட்டிலுக்கடியில். அம்மா காலை இடித்துக்கொண்டாள். "கல்யாண வூட்ல கல்லு மூட்டை எதுக்குடி?" எனக்கு ஆவணியில் கல்யாணம். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கல்லூரியில் கல் வெட்டும் மெஷின் ரிப்பேர். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கவில்லை.

ஜூன் 11, புதன்
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிரானைட் கடை. பாஷா பாய் வெட்டித் தந்தார். சுரங்கத்தின் கீழடுக்கில் எடுத்த கற்கள் அழகு! நடுவில் சிப்பித் துண்டு, சுற்றிலும் ஏடு ஏடாக வளையம். அங்கே கடல் இருந்த காலத்தில் நுண்ணுயிர்கள் படிந்து படிந்து வளர்த்தவை. "வெங்காயம் மாதிரி கீதுமா," என்றார் பாய்.

அடுத்து மேலடுக்குக் கல். உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்று. அதுவும் வெறும் சுண்ணாம்பு.
"ஜல்தி சொல்லுங்க, கரண்ட் போயிடும்."
எல்லாவற்றையும் வெட்டச் சொன்னேன். ஒன்றில்கூட வளையம் இல்லை. வளையம் இல்லையென்றால் நுண்ணுயிர் வளர்த்தது என்று சொல்ல முடியாது; இரண்டு அடுக்குக் கற்களும் அப்படி வளர்ந்தவை என்பதுதான் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயமே.

ஜூன் 12, வியாழன்
தூக்கம் போச்சு. மாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மண்டைக்குள். கைடு மேடத்துக்குப் போன்.
"மேலடுக்குக் கல்லை வெட்டினதாவே காட்டாத. யார் கேக்கப்போறாங்க?"
"ரெண்டும் ஒண்ணுன்னு நான்தான் எழுதியிருக்கேன் மேடம்."
"அப்ப இன்னொரு வருஷம் ஆகும். யோசி."
மாப்பிள்ளையின் மெசேஜ்: சாப்டியா? பதில் போடவில்லை.

ஜூன் 13, வெள்ளி
மறைத்து எழுத மாட்டேன், படிப்பு முடிய இன்னொரு வருஷம் ஆகும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.
"படிப்பு முடிஞ்சிடும்னுதான தேதி வச்சாங்க? அவங்களுக்கு இன்னான்னு சொல்றது?"
"கல்யாணம் ஆவணிலயே நடக்கட்டும். படிப்புதான் தள்ளிப்போவுது."
"பொய்யா எழுதினா இன்னா ஆவும்?"
"ஒண்ணும் ஆவாது."
"அப்புறம் இன்னாடி?"
அழுகைதான் வந்தது. அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்து போனாள்.
மாப்பிள்ளைக்கு நானே போன் செய்தேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எங்கப்பா கிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார்.

ஜூன் 14, சனி
விடியற்காலை மேடத்துக்கு மெயில்: மூன்றாவது அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன்.
கீழே அப்படி வளர்ந்தவை மேலே ஏன் இல்லை? தண்ணீர் கலங்கியதா? ஆழம் கூடியதா? மறுபடி போய்ப் பார்க்காமல் தெரியாது.
இப்போது அரியலூர் போக விழுப்புரம் பஸ்ஸில். பக்கத்தில் அம்மா. கல்யாணப் பெண்ணைத் தனியாக வெயிலில் அனுப்பமாட்டாளாம்.
"அங்க இப்பவும் கடல் கீதா?"
"இல்லம்மா."
"பின்ன எங்க போச்சு?"